1948 காந்தி பத்து ரூபாய் அஞ்சல்தலை: பின்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

நீங்கள் கேட்டது மூன்று அஞ்சல்தலைகளைப் பற்றி. 1948-இல் வந்த காந்தி பத்து ரூபாய்த் தலையை, ஹிஞ்ச் (ஆல்பத்தில் தலையை ஒட்டும் சிறு பசைத்தாள்) படாத மின்ட் (அசல் பசையோடு உள்ள, பயன்படுத்தாத தலை) என்று சொல்லி, கேட்டலாக் (தலைகளின் விலைப்பட்டியல் நூல்) விலையில் நாற்பது சதவீதத்துக்கு ஒருவர் தருகிறார். அவரிடமே 1854-ஆம் ஆண்டின் நாலணா ஒன்று எட்டு மூலையாக வெட்டிய நிலையிலும், பென்னி பிளாக் (உலகின் முதல் ஒட்டும் தலை) ஒன்று மூன்று பக்கம் ஓரத்தோடும் இருக்கின்றன. உங்களுக்கு வந்திருப்பது முன்பக்கப் படங்கள் மட்டும். வாங்கலாமா, நிலையை எப்படிப் பார்ப்பது, எவ்வளவு கொடுக்கலாம் என்பது கேள்வி.

இந்தப் படங்களை நம்பி மூன்றில் எதற்கும் பணம் அனுப்பாதீர்கள். காந்தி தலைக்குப் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அபூர்வத் தலைகளை வாங்கும்போது 'இந்தத் தலை என்ன விலை போகும்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'என் கையில் இருக்கும் இந்த ஒரு பிரதி என்ன விலை போகும்' என்று கேட்கப் பழக வேண்டும். ஒரே நாளில், ஒரே அச்சகத்தில், ஒரே தாளில் அச்சான இரண்டு தலைகளில் ஒன்று மற்றதைப்போல் ஐந்து மடங்கு விலை போகிறது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது.

காந்தி தலையிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் பணம் போகக்கூடியதும் அதிகம் ஏமாற்று நடப்பதும் அங்கேதான்.

சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவான 1948 ஆகஸ்ட் 15 அன்று நான்கு தலைகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். அச்சிட்டது ஸ்விட்சர்லாந்தின் கூர்வோசியே நிறுவனம். முறை ஃபோட்டோகிராவியூர். 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் எழுதியிருக்கும். முதல் மூன்றும் கடிதங்களில் தாராளமாகப் போயின. பத்து ரூபாய் அன்றைக்குப் பெரிய பணம். ஆசைக்காகப் பத்து ரூபாய் கொடுத்து ஒரு தலையை வாங்கிப் பெட்டியில் வைத்தவர்கள் குறைவு, அப்படி வைத்ததும் நம் ஊர் வெயிலிலும் மழைக்காலப் புழுக்கத்திலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறது. அதனால் 'பசை அப்படியே இருக்கிறது, ஹிஞ்ச் படவே இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை' என்று ஒருவர் சொன்னால், அப்படிப்பட்ட பிரதிகள் உண்டு என்றாலும், முதலில் சந்தேகப்படுவதே நியாயம்.

இதில் கேட்டலாக் சங்கதி ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. லண்டன் அஞ்சல்தலை நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் கேட்டலாக்கில் ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரை மின்ட் விலை என்பது ஹிஞ்ச் லேசாகப் பட்ட பிரதிக்கான விலை. எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ் காலத்திலிருந்து அது ஹிஞ்ச் படாத பிரதிக்கான விலை. 1948 இந்தியா இரண்டாவது வகையில் வருகிறது. ஆகவே அந்தப் பெரிய தொகை பழுதில்லாத முகத்துக்கும், அசல் பசைக்கும், ஹிஞ்ச் தடமே இல்லாத பின்புறத்துக்கும் சேர்த்துப் போட்டது. அதுவும் அவர்கள் கடையில் விற்கும் விலை, சந்தை கொடுக்கும் விலை அல்ல. ஹிஞ்ச் பட்டிருந்தால் அதில் ஒரு பகுதிதான். பசையே இல்லையென்றால் இன்னும் கீழே. நாற்பது சதவீதம் என்று அவர் சொல்வது சலுகையா, அதிக விலையா என்பது பின்பக்கத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

பசையைப் பார்க்கும் விதம் இது. தலையை இடுக்கியால் எடுத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, பின்புறத்தின் மேல் ஒளி சாய்ந்து விழும்படி பிடியுங்கள். ஹிஞ்ச் ஒட்டி எடுத்த இடம் மெல்லிய செவ்வகமாக, சுற்றியிருப்பதைவிட மங்கலாகவோ பளபளப்பாகவோ தெரியும். தடமே இல்லையென்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் தலையின் ஓரத்துப் பற்களைப் பாருங்கள். தாளுக்கு முதலில் பசை பூசி, காய்ந்த பிறகுதான் துளையிடுவார்கள். பிறகு தலையைக் கிழித்துப் பிரிக்கும்போது ஒவ்வொரு பல்லின் நுனியிலும் தாளின் நார் பிய்ந்து, வெள்ளையாக, பஞ்சுபோல நிற்கும். அந்த நாரில் பசை இருக்காது. பசை போன தலைக்குப் பின்னாளில் யாராவது புதுப்பசை பூசினால், எவ்வளவு கவனமாகப் பூசினாலும் பசை பல் நுனிக்கும் துளையின் உட்சுவருக்கும் வழிந்துவிடும். நார்கள் ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். பத்து மடங்கு லென்ஸில் இது தெளிவாகத் தெரியும். சுத்தமான உலர்ந்த விரலின் பக்கவாட்டில் பல் நுனிகளை மிக மெதுவாக உரசினால் அசல் தலை மென்மையாக இருக்கும், புதுப்பசைத் தலை ரம்பம்போலக் குத்தும். இதை எழுதிப் புரியவைப்பதைவிட, மலிவான பழைய தலை ஒன்றுக்கு நீங்களே பசை பூசிக் காயவைத்துப் பாருங்கள். அதன் பிறகு கண் தானே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, பழுப்புப் புள்ளிகள். கடலோர ஊர்களில் வைத்த ஆல்பங்களில் இவை இல்லாமல் இருப்பது அபூர்வம். பூஞ்சை தாளுக்குள் ஊறி, முதலில் பற்களின் நுனியில்தான் நிறம் மாறத் தொடங்கும். பற்கள் மட்டும் லேசாகத் தேயிலை நிறத்தில் இருந்தால் அது ஆரம்பம். வாங்கி ஆல்பத்தில் வைத்தால் பக்கத்துத் தலைகளுக்கும் பரவும். இதைச் சிலர் குளோரமின்-டி (Chloramine-T) என்ற வெளுக்கும் ரசாயனக் கரைசலில் நனைத்து எடுத்து வெளுக்கவைப்பது உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது தண்ணீர் வேலை. அப்படிச் சுத்தம் செய்த தலையில் அசல் பசை மிஞ்ச வழியில்லை. எனவே தாள் இயல்புக்கு மீறி வெளுப்பாகவும், பின்புறம் பசை முழுமையாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்து பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒரு குறையை மறைத்தவர் அதற்காக இன்னொன்றையும் செய்திருக்கிறார்.

பசை விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஹிஞ்ச் படாத காந்தி பத்து ரூபாய்க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும், எளிதில் போலி செய்யக்கூடிய ஒரே பாகத்துக்குப் போகிறது. நம் தட்பவெப்பத்தில் அந்தப் பசை அப்படியே நிற்கும் என்ற உறுதியும் இல்லை. லேசான ஹிஞ்ச் தடம் உள்ள, நிறம் மங்காத, பற்கள் முழுதான, அச்சு நடுவில் அமைந்த பிரதி எனக்கு அதைவிட நல்ல வாங்கல். ஹிஞ்ச் தடம் இருப்பதே, அந்தப் பசை பழையது என்பதற்குச் சிறு சாட்சியும்கூட.

அடுத்தது, அந்தத் தலையே அசலா என்பது. காந்தி பத்து ரூபாய்க்குப் போலிகள் ஏராளம். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான். அதே வரிசையின் ஒன்றரை அணாத் தலையை, முத்திரை பட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, நம்பகமான இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை மிகக் குறைவு என்பதால் அதைப் போலி செய்ய யாருக்கும் ஆசை வராது. அதே அச்சகம், அதே முறை, அதே 11½ துளை அளவு. இரண்டையும் அருகருகே வைத்து லென்ஸில் பாருங்கள். ஃபோட்டோகிராவியூர் அச்சில் காந்தியின் முகத்து நிழல்கள் மிக நுண்ணிய வலைக்கண்களாக, ஒரே நிறம் ஆழத்திலும் வெளிச்சத்திலும் மாறிமாறித் தெரியும். எழுத்துகளின் விளிம்பு அந்த வலையால் லேசாக அரம்போல இருக்கும். ஆஃப்செட்டிலோ கலர் பிரின்டரிலோ போட்ட போலியில் தனித்தனிப் புள்ளிகள், வேறுவேறு நிறங்களில், பூ வடிவில் கூடி நிற்கும். ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. துளை அளவியை வைத்து இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று பாருங்கள். 11½ வரவில்லையென்றால் அங்கேயே முடிந்தது.

புற ஊதா விளக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், சிறியது போதும். தாளுக்கு வெண்மையூட்டும் ரசாயனங்கள் பரவலானது 1950-களில். 1948 தலை அந்த விளக்கில் நீலவெள்ளையாகச் சுடர்விட்டால் தாள் பின்னாளையது என்று சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் யாராவது கழுவியிருந்தால் அசல் தலையும் சுடர்விடும். அப்படிக் கழுவியிருந்தால் அதுவும் ஒரு குறைதான். அதே விளக்கில் அழித்த முத்திரையின் மிச்சமும், ஒட்டுப்போட்ட இடமும், நிரப்பிய மெலிவும் (தாள் மெலிந்துபோன இடம்) வேறு நிறத்தில் துலங்கும்.

நீர்க்குறி (தாளுக்குள் இருக்கும் மறைகுறி) பார்ப்பதற்கான பென்சைன் (benzine) திரவத்தை மட்டும் இந்தத் தலைமேல் விடாதீர்கள். பழைய லித்தோகிராஃப் (கல்லச்சு), செதுக்கு அச்சுத் தலைகளை அதில் நனைத்து மடிப்பையும் மெலிவையும் கண்டுபிடிக்கலாம். ஃபோட்டோகிராவியூர் மை அதில் கரையக்கூடும். மெலிவு இருக்கிறதா என்று பார்க்க, தலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே போதும். ஹிஞ்சைப் பிய்த்தபோது தாளின் ஒரு அடுக்கும் சேர்ந்து வந்திருந்தால் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். முன்பக்கம் பார்த்தால் தெரியாத இந்தக் குறை ஒன்றே விலையைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிடும்.

இதே தலையில் 'சர்வீஸ்' (SERVICE, அரசு அலுவலுக்கானது) என்று மேலச்சிட்டது ஒன்று உண்டு. அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியின் அலுவலகத்துக்காக நூறு மட்டும் மேலச்சிட்டார்கள். 2017-இல் அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு பட்டையை ஸ்டான்லி கிப்பன்ஸ் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தச் செய்தி வந்த பிறகு 'என்னிடமும் சர்வீஸ் இருக்கிறது' என்று வருபவர்கள் பெருகிவிட்டார்கள். சாதாரணப் பத்து ரூபாய்த் தலையின்மேல் அந்த ஏழு எழுத்தைப் போடுவது கஷ்டமான காரியம் அல்ல. யாராவது அதை ஒரு லட்சத்துக்கோ இரண்டு லட்சத்துக்கோ நீட்டினால், நிபுணர் சான்றிதழ் இல்லாத வரை லென்ஸைக்கூட எடுக்க வேண்டாம்.

இனி நாலணா. 1854-இல் கல்கத்தாவில் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில், கேப்டன் துய்லியர் மேற்பார்வையில் லித்தோகிராஃபாக அச்சானவை அந்தத் தலைகள். நாலணாவில் சட்டம் சிவப்பு, விக்டோரியா ராணியின் உருவம் நீலம். உலகின் ஆரம்பகால இருநிறத் தலைகளில் ஒன்று. இரண்டு நிறத்துக்கும் தாளை இரண்டு முறை அச்சில் ஏற்ற வேண்டும். அதில் தாள் திரும்பிப் போனதால் ராணி தலைகீழாக வந்த பிரதிகள்தான் இந்தியத் தலைகளில் பேர்போன பிழை.

அந்தக் காலத்தில் துளை கிடையாது, தபால் ஆபீசில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்கள். நாலணாவின் சட்டம் எண்கோணம். பலர் அந்தக் கோட்டை ஒட்டியே எட்டு மூலையாக வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு அது அழகான, சிக்கனமான வேலையாகத் தோன்றியிருக்கும். இன்றைய கேட்டலாக்கில் சதுரமாக நான்கு பக்கமும் ஓரத்தோடு இருக்கும் பிரதிக்கு ஒரு விலை, எண்கோணமாக வெட்டியதற்குத் தனியாக ஒரு விலை, இரண்டாவது முதலாவதில் வெகு சிறு பங்கு. உங்களிடம் காட்டியது இரண்டாவது வகை. அவர் சதுரப் பிரதியின் விலையைக் காட்டிப் பாதிக்குத் தருகிறேன் என்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆனால் அதை ஒதுக்கச் சொல்லமாட்டேன். சேகரிப்பைத் தொடங்குகிறவருக்கு 1854 நாலணா ஒன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்க இதுதான் வழி. நிறம் இரண்டும் பளிச்சென்று இருந்தால், முத்திரை ராணியின் முகத்தை முழுக்க மறைக்காமல் இருந்தால், எண்கோணக் கோடு எட்டுப் பக்கமும் வெட்டுப்படாமல் முழுசாக நின்றால், வாங்குங்கள். வெட்டிய பிரதிக்கான விலையில் வாங்குங்கள்.

வெட்டப்பட்டதைச் சதுரமாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். எண்கோணத் தலையைப் பழைய தாள் துண்டின்மேல் ஒட்டி, இணைப்பை மறைக்க அதன் குறுக்கே முத்திரையும் போட்டுவிடுவார்கள். இங்கே பென்சைன் உதவும். நனைந்ததும் இணைப்புக் கோடு கறுத்துத் தெரியும். துளையுள்ள தலையின் பற்களை வெட்டித் துளையில்லாத தலையாகக் காட்டுவதும் இதே குடும்பத்து வேலை. இலங்கையின் 1859 நான்கு பென்ஸ், சேகரிப்பவர்கள் 'டல் ரோஸ்' என்று அழைப்பது, துளையில்லாமல் வந்த எண்கோணச் சட்டத் தலை. அதற்குப் பின்னால் அதே மதிப்பில் துளையிட்டதும் வந்தது. ஓரம் மிகக் குறுகலாக உள்ள 'துளையில்லாத' பிரதி என்றால் அந்த ஓரம் எங்கே போனது என்று கேட்கத்தான் வேண்டும். நட்சத்திர நீர்க்குறியையும், நிறத்தையும், தாளையும் தெரிந்தவர் சரிபார்க்கும்வரை அதில் கைவைக்கக் கூடாது.

நிலை எப்போதும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் கயானாவின் 1856 ஒரு சென்ட் மஜெந்தா, உலகில் ஒரே பிரதி, மூலைகள் வெட்டுப்பட்டு எண்கோணமாக, முகம் தேய்ந்து, முத்திரையும் கையெழுத்தும் பட்டுக் கிடப்பது. 2014-இல் சுமார் 95 லட்சம் டாலர் போனது. 2021-இல் சுமார் 83 லட்சம். இரண்டாவது பிரதி கிடையாது என்னும்போது நல்ல நிலை, கெட்ட நிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. எண்ணிக்கை கூடக்கூட நிலைக்கு மதிப்பு கூடும். தலைகீழ் ராணி நாலணா இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்கிறது. மிஞ்சியிருப்பது முப்பதுக்குள். அவற்றில் பெரும்பாலானவை எண்கோணமாக வெட்டப்பட்டவைதான், அப்படியிருந்தும் ஏலத்தில் கோடியைத் தொடும் பேச்சு நடக்கிறது. சதுரமாக உள்ள சிலவற்றின் கதையே வேறு.

இதன் மறுமுனையில் இருப்பது பென்னி பிளாக். உலகின் முதல் ஒட்டும் தலை, 1840 மே 6 முதல் செல்லுபடியானது, எல்லோருக்கும் பெயர் தெரியும். அதனால் அபூர்வம் என்று நினைக்கிறார்கள். அச்சானது ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல், இன்னும் எத்தனையோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்படி ஏராளமாகக் கிடைக்கும் தலையில் விலை முழுவதும் நிலைக்குத்தான். ஒரு தாளில் 240 தலைகள், நடுவே மிகக் குறுகிய இடைவெளி. கத்தரி கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் ஓரம் போய்விடும். நான்கு பக்கமும் தெளிவான ஓரம், சிவப்பு மால்ட்டீஸ் சிலுவை முத்திரை லேசாக, கீழ் மூலைகளின் இரண்டு எழுத்தும் தெளிவாக: இதுதான் கேட்டலாக் விலைக்கான பிரதி. மூன்று பக்க ஓரம் என்றால் விலை சட்டென்று இறங்கும், நான்காவது பக்கத்தில் வெட்டு சட்டத்துக்குள் புகுந்திருந்தால் இன்னும் இறங்கும். பதினொன்றாம் பிளேட் (அச்சுத் தகடு) போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு மாறும், ஆனால் பிளேட் கண்டுபிடிப்பது தனிப் படிப்பு. உங்களுக்குக் காட்டிய மூன்று பக்கப் பிரதியை இப்போதைக்கு விடுங்கள். நல்லது ஒன்று எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும் தலையில் குறைப்பிரதிக்கு அவசரப்படத் தேவையில்லை.

முத்திரையைப் பற்றிக் கொஞ்சம். முத்திரை பட்டதென்றால் மலிவு என்ற நினைப்பு எப்போதும் சரியல்ல. 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் இந்தியத் தலைகளே புழங்கின. சிங்கப்பூர் அலுவலகத்தின் முத்திரை பி 172, பினாங்கு பி 147, மலாக்கா பி 109. சாதாரண விக்டோரியா தலையில் இந்த எண் தெளிவாக விழுந்திருந்தால், தலையைவிட முத்திரைக்கே விலை. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும் என்பதால், அந்த மை தலையின் காலத்துக்கும் தாளுக்கும் ஒத்துப்போகிறதா, பழைய முத்திரையின் மேல் புதிதாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. உயர் மதிப்புத் தலைகள் பல, தபாலுக்குப் போகாமல் பத்திரங்களில் வருவாய்த் தலையாக ஒட்டப்பட்டன. இலங்கையின் ஐந்தாம் ஜார்ஜ் கால 500, 1000 ரூபாய்த் தலைகள் அப்படிப்பட்டவை. பேனாக் கையெழுத்தை ரசாயனத்தால் அழித்து 'பயன்படுத்தாதது' என்று விற்கப் பார்ப்பார்கள். புற ஊதா விளக்கில் பழைய கையெழுத்தின் நிழல் எழுந்து வரும்.

விளம்பரங்களில் 'மின்ட்' என்பதும் 'அன்யூஸ்டு' என்பதும் ஒன்றல்ல. முதலாவது அசல் பசையோடு இருப்பது. இரண்டாவது முத்திரை படாதது மட்டுமே, பசை இல்லாமல் இருக்கலாம். பசையில்லாமலே வெளியான தலைகளும் உண்டு, மக்கள் சீனத்தின் ஆரம்பகாலத் தலைகள் பல அப்படி. அங்கே பின்புறம் வெறுமையாக இருப்பதைக் குறையாகக் கருதக் கூடாது. அதனால் ஒரு தலையை அதன் சொந்த வெளியீட்டின் தரத்தோடு ஒப்பிட வேண்டும், இன்னொரு நாட்டின் தரத்தோடு அல்ல.

சான்றிதழுக்கு வருவோம். லண்டன் ராயல் ஃபிலாட்டெலிக் சொசைட்டியின் நிபுணர் குழுவும், நியூயார்க்கின் ஃபிலாட்டெலிக் ஃபவுண்டேஷனும் உலகெங்கும் ஏற்கப்படுபவை. உங்கள் பத்து ரூபாய்த் தலைக்குச் சான்றிதழ் செலவு கட்டுமா என்பது விலையைப் பொறுத்தது. ஹிஞ்ச் படாதது என்ற பெயரில் முழு விலை கேட்டால் சான்றிதழ் வேண்டும், ஹிஞ்ச் பட்ட பிரதிக்கு நீங்களே ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். சான்றிதழை நீட்டினால் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். 'அசல்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டு, 'மறுபசை பூசப்பட்டது' என்றோ 'இடது மேல் மூலையில் மடிப்பு' என்றோ எழுதியிருக்கும். அந்தப் பாதி வாக்கியத்தில்தான் விலை இருக்கிறது. பிறகு சான்றிதழில் உள்ள படத்தையும் கையில் உள்ள தலையையும் பல் பல்லாக ஒப்பிடுங்கள். எந்தப் பல் குட்டை, முத்திரை எந்த எழுத்தின்மேல் விழுகிறது, அச்சு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று. நல்ல தலைக்கு வாங்கிய சான்றிதழோடு வேறொரு தலையைச் சேர்த்து விற்பது பழைய தந்திரம். சான்றிதழ் மிகப் பழையது என்றால், அதற்குப் பிறகு தலைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அது பொறுப்பல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலையைக் கண்டுபிடிக்கக் கேட்டலாக்கை மட்டும் பார்க்காமல், ஏல நிறுவனங்களின் முடிந்த விலைப் பட்டியல்களைப் பாருங்கள். பெரும்பாலானவை இணையத்தில் படத்தோடு கிடைக்கின்றன. கேட்ட விலை வேண்டாம், விற்ற விலை. உங்கள் பிரதியின் அதே நிலையில் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஹிஞ்ச் பட்டதற்கு ஹிஞ்ச் பட்டது, வெட்டியதற்கு வெட்டியது. ஒன்றிரண்டு விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏலத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்ட நாளில் விலை எங்கேயோ போயிருக்கும். ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் வரியும் சேரும், அதையும் கூட்டினால்தான் உண்மையான விலை. நீங்களே ஏலத்தில் எடுப்பதாக இருந்தால், ஏலம் தொடங்கும் முன்பே நிபுணர் கருத்துக்காக எக்ஸ்டென்ஷன் (அந்தக் கருத்து வரும்வரை விற்பனையை முடிக்காமல் வைக்கும் அவகாசம்) கேட்டு எழுதுங்கள். நல்ல நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் காது கொடுக்கமாட்டார்கள்.

நீங்கள் சென்னையில் இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. 1956 முதல் இயங்கும் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். அசல் காந்தி பத்து ரூபாயைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்கள் அங்கே இருப்பார்கள், மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். புத்தகத்தில் நிறத்தைப் பார்ப்பதும் கையில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றாகாது. இந்தத் தலையின் ஊதா கலந்த பழுப்பும் அரக்குச் சிவப்பும் எந்தத் திரையிலும் சரியாக வருவதில்லை.

விற்பவருக்கு இப்போது இப்படி எழுதுங்கள்: பத்து ரூபாய்த் தலையின் முன்னும் பின்னும், கறுப்புப் பின்னணியில் வைத்து, பற்கள் நான்கு பக்கமும் தெரியும்படி பெரிய ஸ்கேன் வேண்டும். பின்புறத்தைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்த படம் ஒன்றும் வேண்டும். அசல் அல்ல என்றோ, பசை மாற்றியது என்றோ தெரிந்தால் முப்பது நாளில் முழுப் பணமும் திரும்பத் தருவதாக எழுத்தில் வேண்டும். நாலணாவுக்கு, எண்கோணமாக வெட்டிய பிரதி என்றே குறிப்பிட்டு விலை சொல்லச் சொல்லுங்கள். பென்னி பிளாக்கைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அந்த ஸ்கேன்கள் வந்தவுடன் இங்கேயே போடுங்கள், பல் நுனிகளை நானும் பார்த்துச் சொல்கிறேன்.